எழும்பூர்ல ஒரு லேப் இருக்கு

இரண்டாம் வருஷம், மேனுஃபேக்சரிங் லேப் வைவா. எக்ஸ்டர்னல் என்கிட்ட கேட்டார்: "இன்வெஸ்ட்மெண்ட் காஸ்டிங்குக்கு ஒரு உதாரணம் சொல்லு." நான் யோசிக்கவே இல்லை. "டர்பைன் பிளேடு சார்." எனக்கு முன்னாடி போனவனும் அதைத்தான் சொன்னான். எனக்குப் பின்னாடி போனவளும் அதையேதான் சொல்லியிருப்பாள். புத்தகத்துல அதுதான் இருக்கு.

"நேர்ல பார்த்திருக்கியா?"

"இல்ல சார். பிபிடில பார்த்திருக்கேன்."

அவர் சிரிச்சுட்டு மார்க் போட்டு அனுப்பிட்டார். பாஸ். அதோட அந்தக் கதை முடிஞ்சிருக்கணும்.

அந்த செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போக எழும்பூர்ல ராத்திரி ரயில். ஹாஸ்டலை மதியமே காலி பண்ணச் சொல்லிட்டாங்க. பையை க்ளோக் ரூம்ல போட்டுட்டு, வெயில் தாங்காம நடந்து போய் நுழைஞ்ச இடம்தான் பாந்தியன் சாலை அரசு அருங்காட்சியகம். கலை ஆர்வம் எல்லாம் ஒண்ணும் இல்லை. உட்கார நிழல் கிடைக்கும், முடிஞ்சா ஏசி கிடைக்கும், அவ்வளவுதான் எதிர்பார்ப்பு.

வெண்கலச் சிலைகள் கூடத்துல ஒரு சிலை முன்னாடி நின்னேன். பாதி ஆண், பாதி பெண். அர்த்தநாரீஸ்வரர். கீழே ஊர் பேர்: திருவெண்காடு. பதினோராம் நூற்றாண்டு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திருவெண்காடு எங்க அம்மாச்சி வீட்டுல இருந்து கூப்பிடு தூரம். சீர்காழியில இறங்கி அந்த வழியாத்தான் போவோம். இவ்வளவு வருஷம் போய்ட்டு வந்திருக்கேன், அந்த மண்ணுக்குள்ள இருந்து இப்படி ஒண்ணு வெளிய வந்துச்சுன்னு எனக்கு யாரும் சொல்லலை.

அதைவிடப் பெரிய அடி அடுத்து விழுந்தது. இந்தச் சிலை எப்படிச் செய்யப்பட்டது? மெழுகுல உருவம் பிடிச்சு, மேல மண் பூசி, சூடு பண்ணி, மெழுகை உருக்கி வெளியேத்தி, அந்தக் காலி இடத்துல உலோகத்தை ஊத்தி. அதாவது இன்வெஸ்ட்மெண்ட் காஸ்டிங். வைவால நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் என் கண்ணு முன்னாடி நின்னுட்டு இருந்தது. அதுவும் என் ஊர்க்காரர்.

அன்னைக்கு ஆரம்பிச்ச எண்ணம்தான் இந்தக் கட்டுரை. கலைத் தொகுப்புகள் கலை படிக்கிறவங்களுக்கு மட்டும் சொந்தம் இல்லை. மெக்கானிக்கல், கெமிக்கல், கம்ப்யூட்டர் சயின்ஸ், சிவில்னு நம்ம எல்லா டிபார்ட்மெண்டுக்கும் அது ஒரு லேப். அதை நம்ம டைம்டேபிளுக்குள்ள கொண்டு வரணும்னு நாம கேக்கணும். ஆறு மாசத்துல டிகிரி முடிச்சுட்டுப் போகப்போற நான், எனக்குப் பின்னாடி வர்ற உங்ககிட்ட சொல்ல விரும்புறது இது ஒண்ணுதான்.

தர்பூசணியும் தோல் டாக்டரும்

"ஓவியத்தையும் சிலையையும் வெச்சு சயின்ஸ் எப்படிப்பா படிக்கிறது?"ன்னு கேப்பீங்க. உலகத்துல நிறைய பேர் ஏற்கெனவே படிச்சுட்டு இருக்காங்க.

அமெரிக்காவுல யேல் பல்கலைக்கழகத்துல இர்வின் பிரேவர்மேன்னு ஒரு தோல் மருத்துவப் பேராசிரியர். மருத்துவ மாணவர்கள் நோயாளியைச் சரியாப் பார்க்காமலே முடிவுக்குத் தாவுறாங்கன்னு அவருக்குக் கவலை. அதே வளாகத்துல இருக்கிற யேல் பிரிட்டிஷ் கலை மையத்தோட லிண்டா ஃபிரீட்லேண்டர் கூட சேர்ந்து, மாணவர்களைப் பழைய ஓவியங்கள் முன்னாடி நிறுத்தினார். விதி ரொம்பச் சுலபம். கொஞ்ச நேரம் ஓவியத்தைப் பாரு. அப்புறம் கண்ணுக்குத் தெரிஞ்சதை மட்டும் சொல்லு. "இவர் சோகமா இருக்கார்"னு சொல்லக்கூடாது. "புருவம் சுருங்கியிருக்கு, உதடு ஒரு பக்கம் இறங்கியிருக்கு"ன்னு சொல்லணும். முடிவு பிறகு. இப்படிப் பயிற்சி எடுத்தவங்க நோயாளிகளின் படங்களில் கூடுதல் விவரங்களைக் கண்டுபிடிச்சாங்கன்னு 2001ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஆய்வு முடிவு வந்தது. இதே மாதிரி வகுப்புகள் இன்னைக்குப் பல மருத்துவக் கல்லூரிகள்ல நடக்குது.

இன்னொண்ணு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துல ஜேம்ஸ் நீன்ஹுயிஸ்னு ஒரு தோட்டக்கலைப் பேராசிரியர். பயிர்கள் மனுஷன் கையில எப்படி மாறிச்சுன்னு சொல்லித் தர, பதினேழாம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர் ஜியோவானி ஸ்டான்கி வரைஞ்ச பழங்களை வகுப்புல காட்டுவார். அந்த ஓவியத்துல வெட்டி வெச்ச தர்பூசணி நம்ம பழக்கடையில பார்க்கிற மாதிரி முழுச் சிவப்பா இருக்காது. வெளிறிப்போய், உள்ள சுழி சுழியா, வெள்ளை ஓடியிருக்கும். அந்தக் காலத்துப் பழத்துக்கு போட்டோ கிடையாது. ஓவியம்தான் இருக்கு.

இங்க ஒரு முக்கியமான திருப்பம் இருக்கு. அந்தப் படம் இணையத்துல பரவினதும் சிலர் எதிர்க்கேள்வி கேட்டாங்க: "அதே நூற்றாண்டுல வேற ஓவியர்கள் வரைஞ்ச தர்பூசணி நல்லாச் சிவப்பா இருக்கே? ஸ்டான்கி வரைஞ்சது சரியா வளராத ஒரு பழமா இருந்தா?" நல்ல கேள்வி. அதுக்குப் பதில் சொல்ல ஒரு ஓவியம் போதாது. நூறு ஓவியம் வேணும். ஒவ்வொண்ணும் எந்த ஊர், எந்த வருஷம்னு தெரியணும்.

தொகுப்போட மதிப்பு இங்கதான் புரியும். ஒரு சிலை அழகு. நூறு சிலை, ஒவ்வொண்ணுக்கும் ஊர், காலம், கிடைச்ச விதம் பதிவோட இருந்தா, அதுக்கு நம்ம பாஷையில ஒரு பேர் இருக்கு: டேட்டாசெட்.

நாம டேட்டாசெட்டுக்கு எங்க போறோம்? காகிள். டைட்டானிக் கப்பல்ல யாரு பிழைச்சாங்கன்னு நம்ம காலேஜ்ல மட்டும் எத்தனை தடவை கணிச்சிருப்போம்? அந்தக் கப்பல் மூழ்கினது 1912ல. பாவம், இன்னும் வருஷா வருஷம் ஒரு பேட்ச் அதை மூழ்கடிச்சுட்டு இருக்கோம். 1851ல் தொடங்கின ஒரு அருங்காட்சியகம் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துல இருக்கு. அதை ஸ்கூல்ல வரிசையா கைகோத்துக் கூட்டிட்டுப் போன இடமாத்தான் ஞாபகம் வெச்சிருக்கோம்.

அதை நிறுவிய எட்வர்ட் பால்ஃபர் யாரு தெரியுமா? ஒரு அறுவை சிகிச்சை மருத்துவர். அந்த அருங்காட்சியகம் சிலைகளோட ஆரம்பிக்கவும் இல்லை. சென்னை இலக்கியச் சங்கம் கொடுத்த பாறை, கனிம மாதிரிகளோட ஆரம்பிச்சது. "இது ஆர்ட்ஸ், அது சயின்ஸ்"னு பிரிச்சது பிற்காலத்துல வந்த பழக்கம்.

ஒரு சிலை, நாலு டிபார்ட்மெண்ட்

சரி, வெண்கலக் கூடத்துக்கு வருவோம். ஒவ்வொரு டிபார்ட்மெண்டா பார்க்கலாம்.

முதல்ல மெக்கானிக்கல், மெட்டலர்ஜி. சோழர் காலத்து உற்சவ மூர்த்திகள் பெரும்பாலும் கனமா, உள்ள வெற்றிடம் இல்லாம வார்க்கப்பட்டவை. வார்ப்பு படிச்சவங்களுக்கு இதுல உள்ள சிக்கல் உடனே தெரியும். தடிமனான இடுப்பு மெதுவா ஆறும். மெல்லிசான விரல் சட்டுன்னு ஆறும். ஆறும்போது உலோகம் சுருங்கும். அப்ப கை இடுப்புல இருந்து விரிசல் விடாம எப்படி வந்தது? விரல் நுனி வரைக்கும் உலோகம் உறையாம எப்படிப் போச்சு? சுத்தமான செம்பு 1,085 டிகிரியில உருகும். தகரம் சேர்த்தா அந்த வெப்பநிலை இறங்கும். ஈயம் சேர்த்தா உலோகம் நல்லா ஓடும். ஆனா ஈயம் செம்புல கரையாது, உறைஞ்ச பிறகு சின்னச் சின்ன உருண்டையா தனியா நிக்கும். ஆக, அந்தக் கலவை ஒவ்வொண்ணும் ஒரு முடிவு. யாரோ யோசிச்சு எடுத்த முடிவு.

"பஞ்சலோகம்"னு நாம எல்லாரும் சொல்றோம். ஆனா இந்தச் சிலைகளைச் சோதிச்சுப் பார்த்தா, பெரும்பாலும் கிடைக்கிறது செம்பு, தகரம், ஈயம் சேர்ந்த வெண்கலம்தான். தங்கமும் வெள்ளியும் இருந்தா, அது மிகச் சிறு அளவுல. இதை விரிவா ஆராய்ஞ்சவர் சாரதா சீனிவாசன். பொறியியல் பட்டம் வாங்கிட்டு தொல்பொருள் உலோகவியலுக்குப் போனவர். இந்தியாவிலும் லண்டனிலும் உள்ள அருங்காட்சியகங்களின் தென்னிந்தியச் சிலைகள்ல இருந்து துளியூண்டு உலோகம் எடுத்து, எந்தெந்தத் தனிமம் எவ்வளவுன்னு அளந்தார். அதுல பலவற்றுக்கு ஈயத்தின் ஐசோடோப்பு விகிதங்களையும் பார்த்தார். ஈயம் எந்தச் சுரங்கத்துல இருந்து வந்ததுங்கறதைப் பொறுத்து அந்த விகிதம் மாறும். உருக்கினாலும் வார்த்தாலும் அது மாறாது. கைரேகை மாதிரி. இந்த முறையில பார்த்துத்தான், நடராசர் செப்புத் திருமேனி சோழர் காலத்துக்கு முன்னாடி, பல்லவர் காலத்துலயே உருவாகியிருக்கலாம்னு அவர் வாதிட்டார். வரலாற்றுக் கேள்விக்கு நிறமாலைக் கருவியில இருந்து ஒரு சாட்சி. இதுவும் ஒரே ஒரு சிலையை வெச்சுப் பண்ண முடிஞ்ச வேலை இல்லை.

அடுத்து கெமிக்கல். மண்ணுக்குள்ள பல நூறு வருஷம் கிடந்த சிலையில உப்பு இறங்கியிருக்கும். அதுல இருக்கிற குளோரைடு செம்போட சேர்ந்து உள்ள உட்கார்ந்துக்கும். வெளிய எடுத்ததும் காத்தும் ஈரமும் பட்டு வினை ஆரம்பிக்கும். வெளிர் பச்சைப் பொடி பூக்கும், கூடவே அமிலம் உண்டாகும், அந்த அமிலம் மறுபடி செம்பைத் தின்னும். சுத்தி சுத்தி நடக்கிற வினை. வெண்கல நோய்னே இதுக்குப் பேர். பூமிக்குள்ள பத்திரமா இருந்த சிலை, அருங்காட்சியகத்துக்கு வந்த பிறகு செத்துப்போகும் ஆபத்து. இதைச் சமாளிக்க 1930லயே இந்த அருங்காட்சியகத்துல ஒரு வேதியியல் ஆய்வுக்கூடம் தொடங்கினாங்க. அதைப் பொறுப்பெடுத்து நடத்திய எஸ். பரமசிவன் ஒரு வேதியியலாளர். நாம எலக்ட்ரோகெமிஸ்ட்ரியில படிக்கிற மின்பகுப்பையே வெச்சு, சிலையை எதிர்மின்வாயா மாத்தி, அரிப்பை நீக்கினார். தஞ்சைப் பெரிய கோயில் சுவரோவியங்களின் வண்ணத்தையும் பூச்சையும் ஆராய்ஞ்சவரும் அவர்தான். தலைப்பு நான் வெச்சது உவமை இல்லைங்க. எழும்பூர்ல நிஜமாவே ஒரு லேப் இருக்கு.

சிவில் பசங்களுக்கு: பீடத்தைப் பாருங்க. ஓட்டைகளும் வளையங்களும் இருக்கும். அதுல கம்பு கோத்து, கயிறு கட்டி, தோள்ல தூக்கி வீதி உலா போவாங்க. அப்ப அந்தச் சிலை சும்மா நிக்கிற பொருள் இல்லை. குலுங்கி, சாய்ஞ்சு, திரும்பிப் போற சுமை. ஒத்தைக் கால்ல நிக்கிற நடராசருக்குத் திருவாசி அலங்காரம் மட்டும்தானா, இல்ல அது எதையாவது தாங்குதா? எங்க திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரருக்கு வலப்பக்கம் ரெண்டு கை, இடப்பக்கம் ஒரே கை. எடை ஒரு பக்கம் கூடுதல். இடுப்பை எந்தப் பக்கம் வளைச்சிருக்காங்கன்னு போய்ப் பாருங்க, புவியீர்ப்பு மையம் எங்க விழும்னு யோசிங்க. மெக்கானிக்ஸ் பேப்பர்ல வர்ற முக்கோணத் தகட்டைவிட இது ஞாபகத்துல நிக்கும்.

அச்சு உடைஞ்சதால கிடைச்ச சாட்சி

கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்க, உங்களுக்குத் தனி இடம் ஒதுக்கணும்.

மெழுகு வார்ப்புல ஒரு விசேஷம்: மெழுகு உருகிப் போயிடும், மண் அச்சை உடைச்சுத்தான் சிலையை எடுக்கணும். அதனால ஒரே அச்சுல ரெண்டாவது சிலை வராது. ஒவ்வொரு சிலையும் தனி. ஒவ்வொண்ணுலயும் ஒரு சின்னக் குழி, ஒரு தேய்மானம், உடைஞ்ச ஒரு சுடர் அதுக்கே உரியதா இருக்கும்.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராசர் திருடு போனார். 2008ல் ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடம் அதைச் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கினது. விற்றவர் சுபாஷ் கபூர். அது நம்ம சிலைதான்னு எப்படி நிரூபிக்கிறது? புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1950கள்ல இருந்து தமிழ்நாட்டுக் கோயில்களை ஊர் ஊராப் போய் போட்டோ எடுத்து வெச்சிருக்கு. ஒரு லட்சத்துக்கும் மேல படங்கள். அவங்க எடுத்தப்ப சிலைத் திருட்டைப் பிடிக்கணும்னு நினைக்கலை, கலை வரலாற்று ஆய்வுக்காக எடுத்தாங்க. அந்தத் தொகுப்புல இருந்த படத்தையும் கலைக்கூடத்துச் சிலையையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா, ஒண்ணுக்கொண்ணு பொருந்திப் போச்சு. 2014 செப்டம்பர்ல நடராசர் திரும்பி வந்தார். இந்த மாதிரி ஒப்பிட்டுப் பார்க்கிற வேலையில பெரிய பங்கு எஸ். விஜய்குமாரும் அவரோட தன்னார்வ நண்பர்களும். அவர் கப்பல் துறையில வேலை பார்த்தவர். கலை வரலாற்றுப் பேராசிரியர் இல்லை.

இதுக்கும் முன்னாடி, பத்தூர் நடராசர் வழக்கு. லண்டன் நீதிமன்றத்துல அந்தச் சிலை பத்தூர் மண்ணுல இருந்துதான் வந்ததுன்னு காட்ட, சிலையில ஒட்டியிருந்த மண்ணையும் கரையான் தடத்தையும்கூட அதே இடத்துல கிடைச்ச மற்ற சிலைகளோட ஒப்பிட்டாங்க. கரையான் சாட்சி சொன்ன வழக்கு! 1991ல் சிலை ஊர் திரும்புச்சு.

இப்ப சொல்லுங்க. இமேஜ் மேட்சிங், ஃபீச்சர் டிடெக்‌ஷன்னு நாம பூனை, நாய் படத்தை வெச்சுப் பழகிட்டு இருக்கோம். அதே கோடை ஒரு ஊரோட சாமியைத் திரும்பக் கொண்டு வரவும் எழுதலாம். கோடு எழுதத் தெரிஞ்ச ஆளு நம்மகிட்ட நிறைய. கேள்வியோட வர்ற ஆளுதான் குறைவு.

"இதுக்கு ஸ்கோப் என்ன?"

இதையெல்லாம் படிச்சுட்டு நான் சும்மா இருக்கலை. ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு ஒரு தலைப்பு எடுத்துட்டுப் போனேன். சுவாமிமலை மெழுகு வார்ப்புல உலோகம் எப்படி ஆறுதுன்னு அளந்து, சிமுலேஷனோட ஒப்பிடுறது. "இதுக்கு இண்டஸ்ட்ரி அப்ளிகேஷன் என்ன? இதெல்லாம் ஆர்ட்ஸ் காலேஜ் பசங்க பண்றதுப்பா"ன்னு பதில் வந்தது. தலைப்பு மாறிச்சு. எங்க டீம் பண்ணினது சோலார் புல் வெட்டும் இயந்திரம். எங்களுக்கு முன்னாடி மூணு பேட்ச் அதையே பண்ணியிருக்காங்க. ரிவ்யூ அன்னைக்கு ஒரு தடவை புல் வெட்டிச்சு. இப்ப லேப் மூலையில அண்ணன்மாரோட வரிசையா நிக்குது.

கோபத்துல எழுதுறேன்னு நினைக்காதீங்க. அவர் கேட்ட கேள்வி நியாயமானதுதான், நான் அதுக்குச் சரியா பதில் சொல்லலை. இப்ப சொல்றேன். டர்பைன் பிளேடும் மெழுகு வார்ப்புலதான் வருது. ஒரு சிலையில உலோகம் எப்படி ஓடி எப்படி உறையுதுன்னு கண்ணால பார்த்துப் புரிஞ்சவன், பிளேடைப் பத்திப் பேசும்போது பிபிடியை நம்பிப் பேச மாட்டான். இதுதான் அப்ளிகேஷன். இன்டர்வியூல ரெஸ்யூமேல இருக்கிற ப்ராஜெக்டைப் பத்தி அஞ்சு நிமிஷம் தன் வார்த்தையில பேச முடியணும். புல் வெட்டியைப் பத்தி எனக்கு ரெண்டு நிமிஷத்துக்கு மேல பேச வரலை.

ப்ராஜெக்ட் கிடைக்காட்டியும் சுவாமிமலைக்குப் போனேன். ஒரு பட்டறையில ஸ்தபதி ஒருத்தர்கிட்ட ஆர்வமா கேட்டேன்: "ஐயா, ஷ்ரிங்கேஜை எப்படி ஹேண்டில் பண்றீங்க?" அவர் என்னைப் பார்த்தார். நான் தமிழ்ல சொல்ல முயற்சி பண்ணினேன். எல்கேஜியில இருந்து இங்கிலீஷ் மீடியம். வார்த்தை வரலை. கையை விரிச்சுச் சுருக்கிக் காட்டினேன். அவர் சிரிச்சுட்டு, ஓரமா கிடந்த ஒரு துண்டை எடுத்துக் காட்டினார். "இதானே தம்பி? குழி விழுறது. அதுக்குத்தான் வாய்ல கொஞ்சம் கூடுதலா ஊத்தி வெப்போம், அதுல இருந்து இறங்கிக்கும்."

ரைசர். நான் ரெண்டு மார்க் கேள்விக்கு வரையறையா மனப்பாடம் பண்ணினது. அவருக்கு அந்தப் பேர் தெரியாது. எனக்கு அந்தப் பேர் மட்டும்தான் தெரியும்.

அம்மாச்சி கேட்ட கேள்வி

இந்தக் கட்டுரையில என்னோட வாதத்துக்கு எதிரா ஒண்ணு சொல்லியாகணும். முதல் தடவை அருங்காட்சியகம் போய்ட்டு ஊருக்கு வந்து, அம்மாச்சிகிட்ட பெருமையா சொன்னேன்: "நம்ம திருவெண்காட்டு சாமி மெட்ராஸ்ல இருக்கார் தெரியுமா?" அம்மாச்சி கேட்டாங்க: "அங்க யாருடா பூ வெப்பா?"

எனக்குப் பதில் இல்லை. இன்னைக்கு வரைக்கும் முழுசா இல்லை.

நமக்கு அது டேட்டாசெட். அவங்களுக்கு அது சாமி. கலை படிக்கிறவங்களுக்கு அது வடிவம். ஒருத்தர் பார்வை சரி, மத்தது தப்புன்னு சொல்ல முடியாது. நான் கேக்கிறது, இன்ஜினியர்கள் உள்ள புகுந்து எல்லாத்தையும் நம்பரா மாத்துங்கன்னு இல்லை. துளி உலோகம் எடுக்கணும்னாகூட அனுமதி வேணும், காரணம் வேணும், கூச்சம் வேணும். தொடாமலே பண்ண முடியற வேலை நிறைய இருக்கு, முதல்ல அதைப் பண்ணலாம்.

இன்னொரு ஆபத்தும் இருக்கு. "அப்பவே நம்ம முன்னோர்களுக்கு அணு விஞ்ஞானம் தெரியும், அதான் செர்ன்ல நடராசர் சிலை"ன்னு வர்ற ஃபார்வேர்டு. அந்தச் சிலை 2004ல் இந்திய அரசு அன்பளிப்பாக் கொடுத்தது, அவ்வளவுதான். சோழர் காலத்து ஸ்தபதிக்கு நாம இல்லாத பெருமையைச் சேர்க்க வேண்டியதில்லை. இருக்கிற பெருமையே போதும். ஆனா அந்தப் பெருமை என்னன்னு தெரிய, போய் நின்னு பார்க்கணும். ஃபார்வேர்டு பண்றது சுலபம். பார்க்கிறதுதான் கஷ்டம்.

என்ன கேக்கலாம்?

பெரிய பட்ஜெட் எதுவும் வேண்டாம். மூணு விஷயம்.

ஒண்ணு, "இண்டஸ்ட்ரியல் விசிட்"னு வருஷா வருஷம் ஒரு பஸ் கிளம்புது இல்லையா? அதுல ஒரு விசிட்டை அருங்காட்சியகத்துக்கு மாத்துங்க. ரிப்போர்ட்ல ஒரு சிலை, ஒரு கேள்வி, உங்க சப்ஜெக்ட்ல இருந்து ஒரு பதில் முயற்சி. போதும்.

ரெண்டு, ப்ராஜெக்ட் தலைப்புப் பட்டியல்ல அருங்காட்சியகத்தையும் பட்டறையையும் "இண்டஸ்ட்ரி"யா ஏத்துக்கணும். கைடு ஒருத்தர் நம்ம டிபார்ட்மெண்ட், இன்னொருத்தர் அங்க வேலை பார்க்கிறவர்.

மூணு, நம்ம தமிழ் மன்றமும் டெக்னிக்கல் கிளப்பும் ஒரே ரூம்ல உட்காரணும். அவங்களுக்கு வார்த்தை தெரியும், இவங்களுக்கு வேலை தெரியும்னு ரெண்டு கூட்டமா பிரிஞ்சு கிடந்தா, ரெண்டு பேரும் அந்தப் பட்டறை வாசல்ல நான் நின்ன மாதிரி கையை விரிச்சுச் சுருக்கிக் காட்டிட்டுத்தான் நிக்கணும்.

காலேஜ் ஒத்துக்கிற வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம். போன மாசம் நாங்க நாலு பேர், யேல்ல பண்ணின மாதிரியே பண்ணிப் பார்த்தோம். ஒரே சிலை. இருபது நிமிஷம். போன் பையில. கண்ணுக்குத் தெரிஞ்சதை மட்டும் எழுதணும். முதல் அஞ்சு நிமிஷம் சிரிப்பும் கொட்டாவியும். பத்தாவது நிமிஷத்துல பேச்சு நின்னு போச்சு. சிவில் நண்பன் பீடத்துல ஒரு ஓட்டை மட்டும் அதிகமா தேய்ஞ்சிருக்கிறதைக் கண்டுபிடிச்சான். கம்ப்யூட்டர் சயின்ஸ் தோழி சுத்திப் போய்ப் பின்பக்கத்தைப் பார்த்துட்டு வந்தாள். யாரும் பார்க்காத முதுகுலயும் ஆடை மடிப்பு, தலைக்குப் பின்னாடி சக்கரம், எல்லாம் முழுசா செதுக்கியிருக்குன்னு எழுதினாள். நான் விரல்களையே பார்த்துட்டு இருந்தேன். எங்க நாலு பேர் பேப்பர்லயும் பொதுவா இருந்தது ரெண்டே வரி.

நாலு பேரும் நாலு சிலையைப் பார்த்திருக்கோம். அடுத்த ரெண்டு மணி நேரம் அதைப் பத்தித்தான் சண்டை, எழும்பூர் ஸ்டேஷன் டீக்கடை வரைக்கும்.

அடுத்த தடவை ஊருக்குப் போக எழும்பூர்ல ரயில் ஏறும்போது நாலு மணி நேரம் முன்னாடியே கிளம்புங்க. வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்னைக்கு விடுமுறை. பையை க்ளோக் ரூம்ல போடுங்க, நடந்தே போயிடலாம். உள்ள போனதும் எல்லாத்தையும் பார்க்க ஓடாதீங்க. ஊர்ப் பேரை மட்டும் படிச்சுட்டே வாங்க. உங்க ஊர்ப் பக்கத்துப் பேர் ஏதாவது கண்ணுல படும். அங்க நில்லுங்க.

ஊருக்குப் போனதும் வீட்டுல இருக்கிற பெரியவங்ககிட்ட சொல்லுங்க. அவங்க ஏதாவது ஒரு கேள்வி கேப்பாங்க. அதையும் எழுதி வெச்சுக்கங்க.